தொடங்க மறுக்கும் இயந்திரம்
பழைய வீட்டுக் கணினியின் தொடக்கப் பிழைகளும் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசமும்

முன்னுரை

திருகோணமலையில் பிரெடெரிக் கோட்டையின் வாயிலிலே தமிழ்க் கல்வெட்டொன்று காணப்படுகின்றது. அதன் எழுத்துகள் சில சிதைந்துள்ளன. சில இல்லாமலே போயின. எனினும் அக்கல் பயனற்றதெனக் கருதி எவரும் அதனை அகற்றிவிடவில்லை. எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு இழந்தவற்றை உணர முனைவதே வரலாற்று மாணவனின் தொழிலாகும். ஆயின், அதே நகரத்தின் வீடொன்றிலோ சனசமூக நிலையமொன்றிலோ இருபது முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட கணினியொன்று விசையை அழுத்தியும் இயங்க மறுத்து, திரையில் ஓர் எண்ணையோ வாக்கியத்தையோ மாத்திரம் காட்டி நிற்குமாயின், அதனைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுத்துவிடுவதே வழக்கமாகியுள்ளது. கல்லுக்குக் காட்டப்படும் பொறுமை கணினிக்குக் காட்டப்படுவதில்லை.

பழைய வீட்டுக் கணினியின் தொடக்கப் பிழைகள் எவ்வாறு தோன்றின, அவை உணர்த்துவன யாவை, துறைமுகப் பிரதேசத்தின் இயற்கைச் சூழல் அவற்றை எவ்வாறு பெருக்குகின்றது, அவற்றைச் சரிவர வாசிப்பதனால் தமிழ் மக்களின் அண்மைக்கால வரலாற்றுக்கு விளையும் நன்மை யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொடக்கப் பிழை பெரும்பாலும் அழிவின் அறிவிப்பன்று, மறதியின் அறிவிப்பே என்பது இதன்கண் நிறுவப்பட வேண்டிய கருத்தாகும்.

தொடக்கம் என்னும் சிக்கல்

கணினி, கட்டளைகளின்படி இயங்கும் இயந்திரம் என்பதை யாவரும் அறிவர். கட்டளைகள் நினைவகத்தில் இருத்தல் வேண்டும். அவற்றை நினைவகத்துக்குக் கொண்டுவருதற்கும் ஒரு கட்டளை வேண்டும். அம்முதற் கட்டளையைக் கொண்டுவருவது யாது? கணினியின் தொடக்கத்திலே உள்ள சிக்கல் இதுவேயாகும். தன் காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளும் ஒருவனைப் பற்றிய மேலைநாட்டு வேடிக்கைப் பேச்சிலிருந்தே, கணினியைத் தொடக்குதலைக் குறிக்கும் 'பூட்' என்னும் சொல் பிறந்தது.

1975இல் அமெரிக்காவில் வெளிவந்த அல்ரெயர் 8800 என்னும் சிறு கணினியில் இச்சிக்கலுக்கு மனிதனின் விரல்களே விடையாயின. மின்சாரம் நின்றதும் அதன் நினைவகம் முழுவதும் வெறுமையாகிவிடும். ஆதலால் ஒவ்வொரு முறையும் அதன் முகப்பிலுள்ள சிறு ஆளிகளை மேலும் கீழுமாக மாற்றி, சில பத்து பைற்றுகள் கொண்ட தொடக்க நிரலைக் கையாலேயே உட்செலுத்த வேண்டியிருந்தது. ஓர் ஆளி தவறினாலும் தொடக்கம் பிழைத்துவிடும். பிழை எங்கு நேர்ந்தது என்பதை இயந்திரம் தானாக உரைக்கவும் மாட்டாது.

இத்தொல்லையை நீக்கியது, மின்சாரம் நின்றாலும் அழியாத 'றொம்' என்னும் நிலை நினைவகமாகும். முதற் கட்டளைகள் அதன்கண் நிலையாகப் பொறிக்கப்பட்டன. 1982இல் வெளிவந்த கொமடோர் 64, விசையை அழுத்தியதும் தன் நினைவகத்தைத் தானே சோதித்து, பேசிக் மொழிக்கு 38911 பைற்றுகள் எஞ்சியுள்ளன எனத் திரையில் அறிவித்தது. அச்சோதனை நினைவகத்தின் இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துச் சென்று, எழுதியது திரும்ப வராத முதலிடத்தில் நின்றுவிடும். ஆகவே 38911 என்னும் எண் குறைந்து தோன்றுமிடத்து, நினைவகச் சில்லு எங்குப் பழுதுற்றதென்பதைக் கணக்கிட்டு அறிதல் கூடும். அதே ஆண்டில் இங்கிலாந்திலே வெளிவந்த சிங்கிளயர் ஸ்பெக்ரம் நிரல்களைச் சாதாரண ஒலிநாடாவிலிருந்து பெற்றுக்கொண்டது. நாடாவை வாசித்தலில் பிழையென அது அறிவித்தால், குற்றம் பெரும்பாலும் கணினியுடையதன்று. ஒலிப்பதிவுக் கருவியின் வாசிப்புத் தலையைத் துடைத்தோ, அதன் சாய்வைத் திருகாணியால் நேராக்கியோ, ஒலியின் அளவை மாற்றியோ பிழையை நீக்கலாம்.

ஆளியிலிருந்து சில்லுக்கு வந்த இம்மாற்றத்தின் உட்பொருள் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மனிதன் நினைவில் வைத்திருந்ததை இயந்திரம் நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கியது. நினைவு இயந்திரத்தினுடையதாகியபோது மறதியும் அதனுடையதாகியது.

கோணேசர் மலையும் நெகிழ்வட்டும்

வீட்டுக் கணினியின் வரலாற்றோடு தொடர்புற்ற ஒருவர் திருகோணமலையின் வரலாற்றோடும் தொடர்புற்றவராக விளங்குகின்றார். அவரே எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறிய அவர், தம் நண்பர் மைக் வில்சனுடன் கோணேசர் மலையின் அடிவாரக் கடலில் மூழ்கி ஆராய்ந்தார். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் சிதைவுகள் நீருக்கடியில் அவர்களுக்குப் புலப்பட்டன. 1957இல் அவர் வெளியிட்ட நூலொன்றில் அச்செய்திகள் இடம்பெற்றன.

அதே கிளார்க், கால் நூற்றாண்டின் பின்னர், கணினியில் நாவலெழுதிய முன்னோடிகளுள் ஒருவரானார். 1982இல் வெளிவந்த '2010: ஒடிசி இரண்டு' என்னும் நாவலை ஆர்க்கைவ்ஸ் என்னும் சிறு கணினியில் எழுதி, ஐந்தங்குல நெகிழ்வட்டொன்றிலே பதிந்து கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு அனுப்பினார். இறுதித் திருத்தங்கள் பாதுக்கைச் செய்மதி நிலையத்தினூடாகச் சென்றன. அந்நாவல் திரைப்படமாகியபோது, கைப்ரோ என்னும் கணினியின் துணையுடன் அமெரிக்காவிலிருந்த இயக்குநர் பீற்றர் ஹயம்சுடன் தொலைபேசிக் கம்பிவழியாகக் கடிதத் தொடர்பு கொண்டார். அக்கடிதங்கள் 1985இல் நூலாகவும் வெளிவந்தன.

கைப்ரோவின் தொடக்கத்தை நோக்குதல் இங்குப் பொருத்தமாகும். விசையை அழுத்தியதும் அது தன் பெயரைக் காட்டி, முதலாவது இயக்ககத்தில் நெகிழ்வட்டை இடுமாறு வேண்டும். அதன் நிலை நினைவகம் அறிந்தது அவ்வளவே. இயங்குதளம் முழுவதும் வட்டிலேயே இருந்தது. வட்டின் தொடக்கப் பகுதி பூஞ்சணம் பிடித்தோ தேய்ந்தோ போனால், இயந்திரம் எவ்விதப் பழுதுமற்றதாயினும் அந்த வேண்டுகோளுக்கு அப்பால் செல்லாது. எனவேதான் அக்காலத்துப் பயனாளர் இயங்குதள வட்டின் பிரதிகளை முன்கூட்டியே எடுத்து வேறாக வைத்தனர். ஏட்டுச் சுவடியைப் படியெடுத்துப் பேணிய தமிழ் மரபினருக்கு இது புதிய செய்தியன்று.

எண்ணும் ஒலியும்

1981 ஆகஸ்ற் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினி, தொடக்கப் பிழைகளுக்கு ஒரு மொழியையே வகுத்தது. மின்சாரம் பெற்றதும் அது தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்தது. யாவும் நன்றாயின் ஒரு குற்றொலி எழும். திரையை இயக்கும் அட்டையில் குற்றமாயின் ஒரு நெட்டொலியும் இரு குற்றொலிகளும் எழும். திரையே இயங்காதவிடத்துத் திரையிலே செய்தி காட்டுதல் இயலாதாகையால், செவிப்புலனை நாடிய இவ்வேற்பாடு நுண்ணறிவு வாய்ந்ததாகும். திரை இயங்குமாயின் எண்கள் தோன்றும். 201 என்பது நினைவகத்தையும், 301 என்பது விசைப்பலகையையும், 601 என்பது நெகிழ்வட்டு இயக்ககத்தையும், 1701 என்பது வன்தட்டையும் சுட்டின. பின்வந்த நிறுவனங்கள் ஒலிகளின் எண்ணிக்கையைத் தத்தமக்கேற்ப மாற்றிக்கொண்டமையால், எந்த நிறுவனத்தின் தொடக்க நிரல் என்பதை முதலில் அறிந்த பின்னரே ஒலிக்குப் பொருள் கொள்ளல் வேண்டும். கல்வெட்டின் எழுத்தை வாசிக்குமுன் அதன் காலத்தைத் துணிதல் போன்றது இது.

1984இல் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.ரி. என்னும் மாதிரியுடன் இம்மொழியில் ஒரு முக்கியமான சொல் சேர்ந்தது. அது 161 என்னும் எண்ணாகும். இக்கணினியிலே நாளையும் நேரத்தையும் காக்கும் கடிகாரச் சில்லொன்று இருந்தது. நினைவக அளவு, வன்தட்டின் வகை ஆகிய அமைப்புக் குறிப்புகளும் அச்சில்லிலேயே சேமிக்கப்பட்டன. மின்சாரம் இல்லாத வேளையில் அதனை உயிரோடு வைத்திருந்தது ஒரு சிறு மின்கலம். மின்கலம் வலுவிழந்ததும் 161 தோன்றும். நாள் 1980 ஜனவரிக்குப் பின்செல்லும். அக்காலத்து இயந்திரங்கள் பலவற்றில் வன்தட்டின் உருளைகள், தலைகள் ஆகியவற்றின் எண்ணிக்கையும் மறந்துபோகும். அதன்மேல் வன்தட்டு இல்லை என்றோ, தொடக்குதற்குரிய வட்டு இல்லை என்றோ திரை உரைக்கும்.

ஈண்டுதான் பெருந்தவறு நேர்கின்றது. வட்டு அழிந்துவிட்டதெனப் பயனாளர் முடிவு செய்கின்றார். உண்மையில் வட்டும் அதிலுள்ள எழுத்துகளும் அப்படியே இருக்கின்றன. வட்டு இருப்பதை இயந்திரம் மறந்துவிட்டது, அவ்வளவே. சில ரூபாய் பெறுமதியான மின்கலத்தை மாற்றி, வட்டின் மேற்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள எண்களை அமைப்புக் குறிப்பில் மீளப் பதிந்தால் இயந்திரம் எழுந்துவிடும். அதனை உணராது புதிய இயங்குதளத்தை இடுவதற்காக வட்டை வடிவமைத்துவிடின், மறதி அப்போதுதான் அழிவாக மாறத் தொடங்குகின்றது.

இயக்ககத்தில் மறந்து விடப்பட்ட நெகிழ்வட்டும் இதுபோன்றதொரு மயக்கத்தை விளைத்தது. கணினி முதலில் நெகிழ்வட்டையே நாடுமாகையால், இயங்குதளமற்ற வட்டைக் கண்டதும் பிழையுரைத்து நிற்கும். வட்டை வெளியே எடுத்து ஏதேனும் ஒரு விசையை அழுத்துதலே பரிகாரம். ஆயினும் இவ்வழியாகவே நச்சுநிரல்களும் புகுந்தன. 1986இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் தோன்றிய 'பிரெயின்' என்னும் நச்சுநிரல் நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியிலே குடிகொண்டது. 1992ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாளில் உலகெங்கும் அச்சத்தை விளைத்த 'மைக்கலாஞ்சலோ' தொடக்கப் பகுதியைப் பற்றி, அந்நாளில் வட்டின் முற்பகுதியை அழித்தது. மறதியல்லாத, மெய்யான அழிவும் உண்டு என்பதற்கு இவை சான்றாகும். எனவே இரண்டையும் வேறுபிரித்தறிதல் இன்றியமையாததாகின்றது.

உப்பும் காற்றும்

திருகோணமலை, இயற்கையாகவே ஆழமமைந்த துறைமுகங்களுள் உலகப் புகழ் பெற்றது. 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கியது. கப்பலுக்கு நன்மை செய்யும் இக்கடல் கணினிக்குத் தீமை செய்வதாகும். உப்புவெளி என்னும் ஊர்ப்பெயரே இப்பிரதேசத்தின் இயல்பை உணர்த்தவல்லது. காற்றிலே கலந்துவரும் உப்புத்துகள் தாய்ப்பலகையின்மேற் படிந்து, ஈரத்தை ஈர்த்து, மின்னைக் கடத்தும் மென்படலமாகின்றது. செப்புத் தடங்களும் வெள்ளீயம் பூசிய தொடுமுனைகளும் இதனால் அரிக்கப்படுகின்றன. மே மாதம் முதல் வீசும் கச்சான் காற்று வறட்சியையும் புழுதியையும் கொணர்கின்றது. ஒக்ரோபரின் பின்னர் வடகீழ்ப் பருவமழையும் வாடையும் ஈரத்தைக் கொணர்கின்றன. புழுதியும் ஈரமும் மாறிமாறி வருவதனால் நெகிழ்வட்டுகளின் காந்தப் பரப்பிலே பூஞ்சணம் படர்கின்றது. பூஞ்சணம் பிடித்த ஒரு வட்டை இட்டால், அது வாசிப்புத் தலையை அழுக்காக்கி, அடுத்து இடப்படும் நல்ல வட்டையும் கீறிவிடும்.

ஆகவே இப்பிரதேசத்தில் தோன்றும் 201 என்னும் எண், நினைவகச் சில்லு பழுதுற்றதென்பதை மாத்திரம் உணர்த்துவதன்று. சில்லின் கால்களுக்கும் தாங்கிக்கும் இடையே துரு படிந்துள்ளது என்பதையும் உணர்த்தலாம். சில்லைக் கழற்றித் துடைத்து மீண்டும் இறுகப் பொருத்துதலே அத்தகைய சந்தர்ப்பத்தில் போதுமானதாகும். தாய்ப்பலகையிற் பற்றவைக்கப்பட்ட பழைய நிக்கல்-கட்மியம் மின்கலங்கள் காலப்போக்கிற் கசிந்து, அருகிலுள்ள தடங்களைத் தின்றுவிடும். கடலோரத்தில் உப்பின் அரிப்பும் இதனோடு சேர்ந்துகொள்கின்றது. இயக்காது வைத்திருந்தாலும் இவ்வழிவு நிகழுமாகையால், அலுமாரியிற் பத்திரமாக வைக்கப்பட்ட கணினி பத்திரமானதென்று கொள்ளல் தகாது. அத்தகைய மின்கலத்தை உடனடியாக அகற்றிவிடுதல் நன்று.

மின்வழங்கலையும் இங்கு நோக்க வேண்டும். நீர்மின்னைப் பெரிதும் நம்பியிருந்த இலங்கையில் 1996ஆம் ஆண்டின் வறட்சி நீண்ட மின்வெட்டுகளை ஏற்படுத்தியது. 2022இல் பொருளாதார நெருக்கடி காரணமாக மின்வெட்டு மீண்டும் நாள்தோறும் பல மணி நேரம் நீடித்தது. வட்டில் எழுதிக்கொண்டிருக்கும் வேளையிலே மின் தடைப்படின் கோப்புகளின் அட்டவணை குலைந்து, மறுநாள் தொடக்கம் பிழைத்துவிடும். பருவமாற்றக் காலத்து இடிமின்னல் மின்கம்பி வழியாகவும் தொலைபேசிக் கம்பி வழியாகவும் புகுந்து சில்லுகளைச் சுடுவதுமுண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலாக, 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி முதலிய கரையோர ஊர்களைத் தாக்கியது. மனித உயிர்களின் இழப்பின் முன் இயந்திரங்களின் இழப்பு பேசத்தக்கதன்று. எனினும் கடல்நீரில் மூழ்கிய கணினிக்கு மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தல் அரிப்பை விரைவுபடுத்தும் என்னும் சிறு உண்மை பரவலாக அறியப்பட்டிருப்பின், பல வட்டுகளின் உள்ளடக்கம் எஞ்சியிருத்தல் கூடும்.

பிழையை வாசிக்கும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து ஒழுங்கான முறையொன்றை வகுத்துக்கொள்ளலாம். முதலாவதாக, மின்வழங்கியை நோக்குதல் வேண்டும். காற்றாடி சுழலாது, ஒலியும் எழாதாயின் குற்றம் பெரும்பாலும் அங்கேயே உள்ளது. கொமடோர் 64 போன்றவற்றிலே பழைய மின்வழங்கி அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தை வழங்கி நினைவகச் சில்லுகளைக் கொன்றுவிடுமாகையால், அதனை அளந்து பார்க்காது இணைத்தல் ஆபத்தானது. இரண்டாவதாக, எழும் ஒலிகளை எண்ணிக் குறித்தல் வேண்டும். மூன்றாவதாக, திரையிலே தோன்றும் எண்ணையும் வாக்கியத்தையும் பிழையின்றிப் படியெடுத்தல் வேண்டும். நான்காவதாக, மின்னிணைப்பை நீக்கிய பின், செருகப்பட்ட அட்டைகளையும் கம்பிகளையும் கழற்றித் துடைத்து மீளப் பொருத்துதல் வேண்டும். ஐந்தாவதாக, மின்கலத்தை மாற்றி அமைப்புக் குறிப்புகளை மீளப் பதிதல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒன்றை மாத்திரம் மாற்றி விளைவை நோக்குதல் அவசியமாகும். பலவற்றை ஒருங்கே மாற்றுபவர் காரணத்தை அறியார்.

இவை யாவற்றுக்கும் மேலான விதியொன்றுண்டு. வட்டு ஒருமுறை இயங்கியதும், பழுது பார்ப்பதன் முன்னர் அதன் உள்ளடக்கம் முழுவதையும் வேறிடத்திற் படியெடுத்தல் வேண்டும் என்பதே அது. கல்வெட்டாய்வாளர் முதலில் மைப்படி எடுத்துவிட்டே ஆய்வைத் தொடங்குவர். அவ்வொழுக்கம் இங்கும் பொருந்துவதாகும்.

தமிழ் எழுத்தின் இரண்டாவது பூட்டு

இயந்திரம் எழுந்த பின்னரும் தமிழ் வாசகர் எதிர்நோக்கும் தடையொன்றுண்டு. தனியாள் கணினியிலே தமிழை எழுதும் முயற்சிகள் 1980களில் ஆரம்பித்தன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அவற்றுள் ஒன்றாகும். அவ்வக் கருவி தனக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டது. இலங்கையிலே பாமினி என்னும் எழுத்துரு பெருவழக்குப் பெற்றது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், தமிழ் தோன்றாது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் பொருளின்றிக் கலந்து தோன்றும். 1991இல் வெளியான யூனிகோட் முறையின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றபோதிலும், விண்டோஸ் இயங்குதளம் 2000ஆம் ஆண்டளவிலேயே அதற்கு இடமளித்தது. எனவே அதற்கு முற்பட்ட கோப்புகள் பெரும்பாலும் பழைய குறியீடுகளிலேயே உள்ளன.

இதுவும் அழிவன்று, மறதியேயாகும். குறியீட்டை அறிந்தால் பாமினிக் கோப்பை யூனிகோட்டுக்கு மாற்றுதல் எளிது. ஆனால் அறியாதவர் அதனைக் கெட்டுப்போன கோப்பென நீக்கிவிடுவர். இவ்வாறு ஒரே ஆவணம் இரு பூட்டுகளுக்குள் அகப்பட்டுள்ளது. ஒன்று தொடங்காத இயந்திரம். மற்றையது வாசிக்கவியலாத எழுத்துரு.

இவ்விரு பூட்டுகளுக்குள்ளும் இருக்கத்தக்கன யாவை? கோயிற் பரிபாலன சபையின் கூட்டக் குறிப்புகள், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகள், பாடசாலை மலரின் அச்சுப் படிகள், இடம்பெயர்ந்தோரின் பெயர்ப்பட்டியல்கள், இழந்த காணிகள் பற்றிய முறைப்பாட்டுக் கடிதங்கள் போன்றனவே அவை. 2009 வரை நீடித்த போரினூடே வாழ்ந்த சமூகமொன்றில், தாளிலிருந்த பிரதி எரிந்தோ நனைந்தோ போனபின் வட்டிலிருக்கும் பிரதியே ஒரேயொரு சான்றாதல் கூடும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டமை ஆவண இழப்பின் கொடுமையைத் தமிழ் மக்களுக்கு என்றும் நினைவூட்டி நிற்கின்றது. அது பிறர் செய்த அழிவு. வாசிக்கத் தெரியாமையினால் வட்டுகளைக் குப்பையிலிடுதல், அமைதியாகவும் தம் கையினாலேயும் நிகழும் அழிவாகும்.

முடிவுரை

முடிவாக நோக்குமிடத்து, பழைய வீட்டுக் கணினியின் தொடக்கப் பிழை, தொழில்நுட்பவியலாளருக்கு மாத்திரம் உரியதொரு பொருளன்று என்பது புலனாகும். எதனை நம்பித் தொடங்கியது, எதனை மறந்தது என்பவற்றை அவ்வியந்திரம் தானே கூறும் வாக்குமூலம் அது. அவ்வாக்குமூலத்தைக் கேட்கும் ஆற்றல் ஏட்டையும் கல்வெட்டையும் பயிலும் கலைப்பீட மாணவருக்கும் வேண்டப்படுவதாகும்.

2005இல் ஆரம்பித்த நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் அச்சு நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வந்துள்ளது. அச்சேறாது வட்டுகளில் உறங்குவனவற்றுக்கும் அத்தகைய கவனம் தேவைப்படுகின்றது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே கணினி விஞ்ஞானம் பயில்வோரும், ஏனைய வளாகங்களிலே வரலாறும் தமிழும் பயில்வோரும் ஒன்றிணைந்து, கோயில்கள், சங்கங்கள், வாசிகசாலைகள் ஆகியவற்றிலே எஞ்சியுள்ள பழைய கணினிகளைப் பதிவு செய்து, மின்கலங்களை அகற்றி, வட்டுகளைப் படியெடுப்பாராயின் அது பெரும் பணியாக அமையும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை, காலமே வேண்டும். காந்தப் பரப்பும் மின்கலமும் கல்லைப்போல் நூற்றாண்டுகள் பொறுத்திருப்பனவல்ல. ஒவ்வொரு மாரிகாலமும் சில வட்டுகளை வாசிக்கவியலாதனவாக்கிச் செல்கின்றது. ஆதலால் இப்பணி அடுத்த வாடைக்காற்றின் முன்னரே தொடங்கப்படுதல் வேண்டும்.